டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது? குளியலறைத் தரை பற்றிய கேள்விகள்

புது வீடு கட்டுபவர்கள் அனுப்பியவற்றில் நிறம், டிசைன் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். ஒட்டி முடித்தபின் எளிதில் மாற்ற முடியாத விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டைல்ஸே தண்ணீரை விடாது, தனியாக வாட்டர் ப்ரூஃப் எதற்கு என்கிறார் மேஸ்திரி. கான்கிரீட்டிலேயே அதற்கான திரவம் கலந்திருக்கிறோம். மறுபடியும் தேவையா?

கட்டாயம் தேவை. டைல்ஸ் விடாது, சரி. ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் இணைப்பு விடும். அதை நிரப்பும் கலவையான சிமென்ட் கிரௌட்டில் நுண்ணிய துளைகள் உண்டு. தினமும் குளிக்கிற தரையில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுப்பது அடியில் உள்ள பூச்சு. கான்கிரீட்டில் கலந்த திரவம், பின்னால் விழும் விரிசலையும் குழாய் தளத்தைத் துளைத்து வரும் இடத்தையும் அடைக்காது. ஒழுகல் பெரும்பாலும் ஆரம்பிப்பது அங்கேதான்.

பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் நீளவாக்கில் என்றால் அடுத்தது அகலவாக்கில். சுவரில் குறைந்தது 1 அடி மேலே ஏற வேண்டும், ஷவர் பக்கச் சுவரில் 6 அடி வரை. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக உருட்டி, வலைப்பட்டை வைத்துப் பூசச் சொல்லுங்கள்.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் டிராப்பை (தண்ணீர் வெளியேறும் தரைத் துளை) அடைத்து, வாசலில் கலவையால் ஒரு வரம்பு கட்டி, 2 அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு போடுங்கள். பாத்திரத்தில் இறங்கிய அளவு ஆவியானது. தரையில் அதைவிடத் தெளிவாக அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. கீழ்த்தளத்தின் கூரையையும் அடுத்த அறைச் சுவரின் அடிப்பகுதியையும் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளம்பர் வேலை முழுதும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சோதனை முடிந்த பூச்சை ஒரு குழாய்க்காக உடைத்தால் செய்ததெல்லாம் வீண். சோதனைக்கு நேரமில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தரைக்கு வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) எவ்வளவு? கண்பார்வையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி.

1 மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வரை போதும். ஷவருக்குக் கீழே 20 மி.மீ. வரை கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் நிற்கவே சிரமமாக இருக்கும்.

வாட்டத்தை அடியில் போடும் கலவையிலேயே கொண்டுவர வேண்டும். டைல்ஸ் பசையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் பிடிப்பது தவறு. பசை கனமாகக் கிடக்கும் இடத்தில் காயும்போது சுருங்கி டைல்ஸ் இறங்கும்.

கண்பார்வை வேண்டாம். 1 மீட்டர் ரசமட்டத்தின் ஒரு முனையைச் சுவரோரம் வைத்து, டிராப் பக்கம் இருக்கும் முனைக்குக் கீழே 10 மி.மீ. கட்டை ஒன்றைக் கொடுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். டிராப் மூடி டைல்ஸைவிட 2 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். குளியலறைத் தரை மொத்தமும் வெளி அறையைவிட முக்கால் அங்குலமாவது கீழே இருந்தால்தான் தண்ணீர் வாசலைத் தாண்டாது.

2 அடிக்கு 4 அடி டைல்ஸ் தரைக்குப் போடலாமா?

சுவருக்குப் போடுங்கள், தரைக்கு வேண்டாம். நாலு பக்கத்திலிருந்தும் டிராப்பை நோக்கிச் சரியும் தரையில் பெரிய டைல்ஸ் படியாது, குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். 1 அடிக்கு 1 அடியே சரி. இணைப்புகள் கூடுவதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். பளபளப்பு வேண்டவே வேண்டாம். வாங்கும் முன் ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மற்ற எதையும்விட இதற்குத்தான் முதலிடம்.

விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. தட்டினால் சில இடங்களில் வெற்றுச் சத்தம் வருகிறது.

சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) ஊற்றி ஒட்டினார்களா என்று கேளுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை உறிஞ்சும் அளவு 0.5 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. சிமென்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க அதில் இடமே இல்லை. இதற்குப் பாலிமர் கலந்த டைல்ஸ் பசைதான் வேண்டும்.

பசையே போட்டிருந்தாலும், நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தியிருந்தால் இதே கதைதான். இடைவெளியில் தண்ணீர் சேரும், நாற்றம் வரும், கனமான பொருள் விழுந்தால் மூலை உடையும். பல் உள்ள கரணையால் பசையை ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி ஒட்ட வேண்டும். தண்ணீர் புழங்கும் தரையில் 95 சதவீதப் பரப்பாவது பசையில் பட்டிருக்க வேண்டும்.

ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போய், வெற்றுச் சத்தம் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நடுவில் சின்ன வட்டம் என்றால் விட்டுவிடலாம். மூலையிலோ ஷவருக்குக் கீழோ இருந்தால் இப்போதே எடுத்து மாற்றுங்கள். எடுக்கும்போது அடிப்பூச்சு பெயர்ந்தால் அதைச் சரிசெய்து காயவிட்ட பிறகே புதியதை ஒட்ட வேண்டும். மீதி வேலை நடக்கும்போது, அப்போதுதான் ஒட்டிய டைல்ஸ் ஒன்றைத் தூக்கி முதுகைப் பாருங்கள். உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் சுவரா, தரையா?

சுவரில் அடிவரிசையை விட்டுவிட்டு மேலே ஒட்டுங்கள். பிறகு தரை. கடைசியாக, அந்த அடிவரிசை தரை டைல்ஸின் மேல் உட்காரும்படி.

எபாக்சி கிரௌட் அவசியமா?

சிமென்ட்டுக்குப் பதில் பிசினால் ஆன இந்தக் கிரௌட் ஷவர் பகுதிக்கு நல்லது. கறை பிடிக்காது, தண்ணீரும் இறங்காது. ஆனால் சீக்கிரம் இறுகிவிடும், உடனுக்குடன் துடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எதைப் போட்டாலும் டைல்ஸை ஒன்றோடொன்று முட்டவிடாமல் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். தரையும் சுவரும் சேரும் கோட்டில் கிரௌட் வேண்டாம். புதுக் கட்டடம் கொஞ்சம் அசையும், அங்கே கிரௌட் விரிசல் விடும். அசைவுக்கு வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் போடுங்கள்.

வேலை முடிந்ததும் டைல்ஸ் மேல் வெள்ளைப் படலம். ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

கூடாது. ஆசிட் சிமென்ட் கிரௌட்டை அரித்துவிடும். அது துடைக்காமல் விட்ட கிரௌட்டாக இருந்தால், ஈரத்துணியும் சொரசொரப்பான ஸ்பாஞ்சும் கொண்டு ஒரு வாரத்துக்குள் தேய்த்தால் போய்விடும். இணைப்புகளில் மட்டும் வெள்ளையாகப் பூத்துத் துடைத்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் அது உப்பு. அடியில் உள்ள ஈரம் அதை மேலே கொண்டுவருகிறது. கலவை காயக் காயக் குறையும். சில மாதம் கழித்தும் நிற்காவிட்டால் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய் இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லுங்கள்.