வற்றம் 11 மணி என்றால் எத்தனை மணிக்குப் போவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். கிரசன்ட் சிட்டியில், கடல் வற்றும்போது நடந்தே போகக்கூடிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறதாமே? நாங்கள் போகும் நாளில் வற்றம் காலை 11 மணி என்று போட்டிருக்கிறது. 11 மணிக்குப் போனால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் சொல்வது பேட்டரி பாயின்ட் கலங்கரை விளக்கம். கரையை ஒட்டிய சிறு தீவில் இருக்கிறது. 1856 டிசம்பரில் முதன்முதலாக ஒளிர்ந்தது; காவலர் குடியிருந்த வீட்டின் கூரை நடுவிலிருந்தே கோபுரம் எழும். இப்போது அருங்காட்சியகம்.

11 மணி என்பது தண்ணீர் அடிமட்டத்தைத் தொடும் நேரம். அதற்குப் பிறகு ஏற்றம்தான். அதனால் 10 மணிக்கே கரைக்குப் போய், பாதை திறந்திருந்தால் கடந்துவிடுங்கள். 12 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் உயரமும் இருக்கும்; அங்கே வழக்கமான தாழ்ந்த நீர்மட்டம்தான் 0, அதற்கும் கீழே போனால் மைனஸ். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். அந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு வற்றம், இரண்டும் ஒரே அளவல்ல. 0 அடி, மைனஸ் 1 அடி என்றிருந்தால் நல்ல நாள். 3 அடி என்றிருந்தால் பெயருக்குத்தான் வற்றம். பாதை திறக்காமலே போகலாம்.

ஏற்றமும் சீராக இருக்காது. ஆறு மணி நேரத்தில் 6 அடி ஏறுகிறது என்று வையுங்கள். தோராயக் கணக்கில் முதல் ஒரு மணி நேரத்தில் அரை அடி, அடுத்ததில் 1 அடி, மூன்றாவதில் ஒன்றரை அடி. "இப்போதானே கொஞ்சம் ஏறியிருக்கு" என்று மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். காற்றும் பெரிய அலையும் இந்த அட்டவணையில் சேராது. கொந்தளிப்பான நாளில், எண் நன்றாக இருந்தாலும் இறங்க வேண்டாம்.

பாதையில் கல்லும் பாசியும்தான். செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். அருங்காட்சியகம் திறக்கும் நேரமும் கடலைப் பொறுத்தே மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: 1964 சுனாமியில் ஊரே அடிபட்டதே, இது மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: அந்த மார்ச்சில் அலாஸ்காவில் 9.2 அளவில் நிலநடுக்கம். நள்ளிரவை ஒட்டி இங்கே அலைகள் வந்தன. ஊரில் 11 பேர் இறந்தனர். அலை வந்த கோணத்தால் தீவுக் கட்டடம் தப்பியது. காவலர் தம்பதி அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்தார்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது நிலம் பலமாக ஆடினாலோ, அட்டவணைக்கு மாறாகக் கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஓடுங்கள்.