பாதியில் நின்ற வாக்கியங்கள்

கேள்வி: தற்செயலாக நடந்த ஒரு விஷயம் உங்கள் குழந்தையின் வாழ்க்கையை மாற்றியதுண்டா?

உண்டு. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வகுப்பு டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போனதால், அவருக்குப் பதிலாக மூன்று வாரம் மட்டும் வேறொரு டீச்சர் வந்தார். அந்த மூன்று வாரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அதற்கு முன் ஒன்றரை வருடமாக மகளைப் பற்றிப் பள்ளியிலிருந்து வந்ததெல்லாம் ஒரே புகார்தான்: கவனம் இல்லை. பாடம் நடக்கும்போது வேறு உலகத்தில் இருக்கிறாள், கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை, சொன்னதில் பாதியை விட்டுவிடுகிறாள் என்றார்கள். கண்ணைப் பரிசோதித்தோம், நன்றாக இருந்தது. காதும் அப்படியே. அப்புறம் என்ன, சோம்பேறித்தனம்தான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். ஒரு கட்டத்தில் பள்ளியே சரியில்லையோ என்று வேறு பள்ளியில் சேர்க்க விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தோம்.

தினமும் சாயங்காலம் நான்தான் அவளுக்கு டிக்டேஷன் கொடுப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில், "ஆறு மலையில் பிறந்து கடலில் போய்ச் சேர்கிறது" என்று நான் சொன்ன வரி இருக்கிறது. அவள் எழுதியிருப்பது: "ஆறு மலையில் பிற போய்ச் சேர்கிறது". அந்த 'ற' முடிகிற இடத்திலிருந்து பென்சில் கோடு மெல்லியதாகக் கீழே வழுக்கி அடுத்த வரி வரைக்கும் போயிருக்கும். அந்த மாதிரிக் கோடுகள் நோட்டு முழுக்க உண்டு. கிறுக்கல் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் இதே மாதிரி நடுவில் இரண்டு சொல் விட்டுப்போனதற்குத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே, "நீங்க அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லப்பா" என்றாள். பொய் வேறு சொல்கிறாயா என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தச் சொல் சொல்லப்படவே இல்லை. இதை எழுதும்போதுகூட என் கை நடுங்குகிறது.

புதிதாக வந்த டீச்சர் ஏழாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புகார் சொல்லத்தான் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறாளா?" என்பதுதான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் நின்றாளாம். கண் திறந்தபடியே இருந்ததாம், இமை மட்டும் லேசாகத் துடித்ததாம். டீச்சர் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டும் அசையவில்லை. பத்து நொடி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாளாம். "என் தம்பிக்குச் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தது. குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்" என்றார்.

அந்தத் தம்பிக்கு அப்படி இருந்திராவிட்டால், அல்லது அந்த மூன்று வாரத்துக்கு வேறு யாராவது வந்திருந்தால்? இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்த டீச்சர் என் மகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கேட்காமல் வந்தவர். 'கவனம் இல்லாத பிள்ளை' என்ற பெயர் அவர் காதில் விழவில்லை. அதனால் அவர் பிள்ளையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவர், இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம் என்று ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை அது. தலையில் பசை தடவி, சின்னச் சின்ன வட்டங்களாக ஒயர்களை ஒட்டினார்கள். வலி எதுவும் கிடையாது. பிறகு கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னார்கள். வேகமாக மூச்சு விடும்போது இந்த வகை வலிப்பு எளிதில் வருமாம். இரண்டாவது நிமிடத்தில் ஊதுவது நின்றது. காற்றாடி மெதுவாகி, இதழ் இதழாகத் தெரிந்து, அவள் திறந்த கண்ணுக்கு முன்னால் நின்றுபோனது. அதே நேரம் திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எழும்பின. கூராக ஒரு முனை, பின்னால் ஒரு அலை, மறுபடி முனை, மறுபடி அலை. நொடிக்கு மூன்று. அந்த இடைவெளியில் டெக்னீஷியன் "பூனை" என்று சத்தமாகச் சொன்னார். பதினோரு நொடி. கோடுகள் அடங்கின, காற்றாடி மறுபடி சுற்றியது. "நான் என்ன வார்த்தை சொன்னேன்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "எதுவும் சொல்லலையே."

இதற்குப் பெயர் ஆப்சென்ஸ் சீஷர், சில நொடி நினைவு மட்டும் தப்பிப்போகும் வலிப்பு. கை கால் உதறாது, கீழே விழமாட்டார்கள், நுரை வராது. வலிப்பு என்றால் நம் மனதில் வருகிற எந்தக் காட்சியும் இதில் இல்லை. பெரும்பாலும் நாலிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கும். ஒவ்வொன்றும் சில நொடிதான், ஆனால் ஒரே நாளில் பத்து, ஐம்பது, அதற்கு மேலும் வரலாம். பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. பகல் கனவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். பகல் கனவு காணும் பிள்ளையைத் தொட்டால் திரும்பும். இதில் தொட்டாலும் திரும்பாது. பகல் கனவு சலிப்பான நேரத்தில் வரும். இது விளையாட்டின் நடுவிலோ, ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதோ திடீரென்று வந்து, திடீரென்று போகும். சந்தேகம் இருந்தால் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது பெரிய உதவி.

அவளுக்கு எதோசக்சிமைட் என்ற மருந்து கொடுத்தார்கள். முதல் சில வாரம் வயிற்று வலி இருந்தது, சாப்பாட்டோடு கொடுத்ததும் குறைந்தது. குளிக்கும்போது கதவைத் தாழ்போட வேண்டாம், தண்ணீரிலும் உயரமான இடத்திலும் தனியாக விட வேண்டாம் என்றார்கள். பள்ளியில் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: விட்டுப்போனதைத் திட்டாமல் இன்னொரு முறை சொல்லுங்கள். செய்தார்கள். இரண்டே மாதத்தில் நோட்டில் அந்த வழுக்கும் கோடுகள் நின்றுவிட்டன.

அந்த நாட்களில் தூக்கம் வராமல் ஈ.ஈ.ஜி. பற்றி நிறையப் படித்தேன். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் இளம் வயதில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டி அவர் மேல் ஏறியிருக்க வேண்டியது, மயிரிழையில் நின்றது. அன்று சாயங்காலமே அப்பாவிடமிருந்து தந்தி வந்தது, நலமா என்று. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய அக்கா வீட்டில் வற்புறுத்தினாராம். இது எப்படி நடந்தது, மனதின் ஆற்றல் தூரம் தாண்டிப் போகுமா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. அதைத் தேடிப் போய்த்தான் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் 1935-இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அதே முறையில்தான் நொடிக்கு மூன்று என்ற அந்த அலையைக் கண்டார்கள். என் மகளின் திரையில் நான் பார்த்த அதே அலை. ஒரு அக்காவின் தவிப்பில் தொடங்கியது, இன்னொரு அக்கா தன் தம்பியைப் பார்த்து வளர்ந்ததன் வழியாக எங்கள் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. இதற்கு அர்த்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இரண்டு வருடம் ஒன்றும் வராமல் இருந்ததால், மருத்துவர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நாமாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது விட்டுப்போகும். எல்லோருக்கும் அல்ல.

இப்போது அவளுக்குப் பதினொன்று. நேற்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அசையாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். நாலு எண்ணுவதற்குள் போய்த் தோளைத் தொட்டேன். உடனே திரும்பினாள்.

"யோசிச்சிட்டு இருக்கேன்பா, கலைக்காதீங்க."