மாமனார் கையில் மறைநூல், கணவர் கையில் விஞ்ஞானம்

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள். பாதியில் விட்ட மேற்படிப்பைத் தொடர இடம் கிடைத்திருக்கிறது. "பெண்ணுக்கு வீடுதான் என்று மறைநூலே சொல்கிறது" என்கிறார் மாமனார். கடவுள் நம்பிக்கையே இல்லாத என் கணவரோ, பெண்ணின் மூளை சிறியது, பிள்ளை வளர்க்கத்தான் இயற்கை அவளைப் படைத்தது என்று கட்டுரை கட்டுரையாக அனுப்புகிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவருக்கும் இதில் மட்டும் ஒரே குரல். நான் யாருக்குப் பதில் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மா. எதிலும் ஒத்துப்போகாத இருவர் இதில் மட்டும் கைகோத்தால், தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சியைப் பிறகு தேடியிருக்கிறார்கள் என்று பொருள்.

இது பழைய வித்தை. 1851-இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று ஆய்வுக்கட்டுரை எழுதினார். 'டிராப்பெட்டோமேனியா' என்று கிரேக்க மொழியில் பெயரும் சூட்டினார். அவர் சொன்ன வைத்தியங்களில் ஒன்று சவுக்கடி. அதோடு விட்டாரா? மண்டியிட்டுப் பணிவதே கறுப்பினத்தவருக்குக் கடவுள் விதித்த நிலை என்று அதே கட்டுரையில் பைபிளையும் துணைக்கு இழுத்தார். எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே என்று அந்த பைபிளின் உபாகமம் 23-ஆம் அதிகாரம் சொல்வதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். அதற்கும் முன்னால், 1807-இல், அடிமைகளுக்கென்றே லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய கதையையே அதில் காணோம்!

ஆகவே மாமனாரிடம் மறைநூலைக் குறை சொல்லாதீர்கள். அவர் காட்டும் வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். உண்மையான பக்தர் அதை மறுக்கமாட்டார்.

கணவர் விஷயம் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அவர் தன்னைப் பகுத்தறிவாளராக நினைத்துக்கொண்டிருக்கிறார். மூளையின் எடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாதம். உடல் பெரிதானால் மூளையும் பெரிதாகும், அவ்வளவுதான். யானையின் மூளை சுமார் 5 கிலோ, மனித மூளை சுமார் 1.3 கிலோ. யானையை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதிகம் படித்தால் பெண்களின் கருப்பை கெடும் என்று 1873-இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் புத்தகமே எழுதினார். ஆதாரம், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளின் கதைகள். மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் அவரோடு வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி 268 பேரின் பதில்களைத் திரட்டினார், நாடித்துடிப்பை அளந்தார், மாதவிடாய் நாட்களில் படிப்பையும் வேலையையும் நிறுத்தத் தேவையில்லை என்று காட்டினார். அந்த ஆய்வுக்கு 1876-இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த ஆய்வு முடிவு வந்தால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" எதுவும் இல்லை என்றால், அவர் அனுப்பும் கட்டுரைகளை நீங்கள் திறக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். மாலையில் யார் சமைப்பது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்ற கவலைதான் இத்தனை வேடம் போடுகிறதோ? அந்தக் கவலையில் தவறில்லை. ஒரு தாளில் கிழமைவாரியாக வேலைகளைப் பிரித்து எழுதினால் தீர்ந்துவிடும். சோற்றுக் கவலைக்கு மூளையின் எடையைக் காரணம் காட்டுவதுதான் தவறு.

கட்டணம் செலுத்தக் கடைசித் தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அதற்குள் கட்டிவிடுங்கள். வேலைப் பிரிவினையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.