டார்ஸானுக்கு விளையாட்டுப் பக்கத்தில் இடம் உண்டு

கேள்வி: உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கொஞ்ச நாளாக வாசகர்கள் பழைய ஹாலிவுட் நடிகர்களைப் பற்றி எழுதும் நினைவுகளும் துணுக்குகளும்தான் அதிகம் வருகின்றன. டார்ஸான் என்கிறார்கள், பேஸ்பால் படம் என்கிறார்கள், குத்துச்சண்டை போட்ட நடிகர் என்கிறார்கள். கிரிக்கெட்டும் கால்பந்தும் படிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? பேசாமல் சினிமாப் பகுதிக்குத் தள்ளிவிடக் கூடாதா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: தள்ள மாட்டோம். அந்தக் கடிதங்களில் இருப்பதை சினிமா விமர்சகர்கள் எழுதுவதில்லை, அதனால்தான் அவை இந்தப் பக்கத்தில் வருகின்றன. விளையாட்டு பார்த்துப் பழகிய கண் நடிகரின் தோளைப் பார்க்கிறது, காலை எங்கே ஊன்றுகிறார் என்று பார்க்கிறது, ஓடும்போது மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்க்கிறது. வசனத்தையும் முகபாவத்தையும் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள்.

டார்ஸானையே எடுத்துக்கொள்வோம், நீங்களே பெயரைச் சொல்லிவிட்டீர்கள். டார்ஸானாக நடித்த ஜானி வெய்ஸ்முல்லர் என்றால் எல்லாருக்கும் அந்தக் காட்டுக் கூவல்தான் ஞாபகம். நீச்சல் தெரிந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தது வேறு: ஆற்றில் குதித்து நீந்தும் காட்சிகளில் அவருடைய தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது, மார்பு உயர்ந்து வருகிறது, இன்றைய நீச்சல்காரர்கள் யாரும் அப்படி நீந்துவதில்லை. ரொம்பச் சரி. அது கேமராவுக்காகச் செய்த வேலை இல்லை, அவர் போட்டியில் நீந்தியதே அப்படித்தான். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதர் அவர், 1922-ல், 58.6 வினாடி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், 1928 ஆம்ஸ்டர்டாமில் இரண்டு, போதாததற்கு பாரிஸில் வாட்டர் போலோவில் ஒரு வெண்கலம். தலையைத் தூக்கியபடி நீந்துவது வாட்டர் போலோ ஆடுகிறவர்களுக்கு இன்றைக்கும் பழக்கம், பந்து எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டுமே! உலகத்தின் மிக வேகமான நீச்சல்காரர் எப்படி நீந்தினார் என்பதைப் பேசும் படமாக, பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் அந்தக் காட்டுப் படங்களைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். இதை விளையாட்டுப் பக்கத்தில் போடாமல் வேறு எங்கே போடுவது?

அவர் மட்டும் இல்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை 0.1 வினாடி வித்தியாசத்தில் வென்ற பஸ்டர் கிராப் மறு வருஷமே டார்ஸான் ஆனார். 1928-ல் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கிய ஹெர்மன் பிரிக்ஸ் 1935-ல் ஆனார். 1936 பெர்லினில் டெகாத்லான் (பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்தது) வென்ற கிளென் மோரிஸும் 1938-ல் ஒரு படத்தில் ஆனார். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர்கள் டார்ஸானைத் தேடி நாடகக் கொட்டகைக்குப் போகவில்லை, ஒலிம்பிக் பட்டியலைத்தான் பார்த்தார்கள்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அதுதானே. வெய்ஸ்முல்லரின் முதல் டார்ஸான் படத்தில் (1932) கதாநாயகி ஜேனின் அப்பாவாக ஒரு பெரியவர் வருவார், நெடுநெடுவென்று உயரம், அடர்ந்த புருவம், முதுகு வளையாமல் நிற்பார். அவர் பெயர் சி. ஆப்ரி ஸ்மித். இங்கிலாந்து டெஸ்ட் கேப்டன். 1889 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் நடந்த ஆட்டம் அது, முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 42 ரன்னுக்கு 2, இங்கிலாந்து 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அன்றைக்கு அதை டெஸ்ட் என்று யாரும் சொல்லவில்லை, அந்த அந்தஸ்து பின்னால்தான் கொடுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் என்று இன்றைக்குப் புத்தகத்தில் இருப்பது அந்த ஆட்டம்தான். அடுத்த ஆட்டத்துக்கு அவருக்குக் காய்ச்சல், ஆட முடியவில்லை. அத்தோடு அவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்தது. அவருக்குப் பதிலாகத் தலைமை ஏற்ற மான்டி பவ்டனுக்கு வயது 23, டெஸ்டில் இங்கிலாந்தை வழிநடத்தியவர்களில் இன்று வரைக்கும் அவர்தான் இளையவர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததில் இரண்டு சாதனைக் குறிப்புகள்!

ஸ்மித் பந்து போட ஓடி வருவது நேர்கோட்டில் இருக்காது. சில சமயம் மிட் ஆஃப் பக்கத்திலிருந்து வளைந்து வருவார், சில சமயம் அம்பயருக்குப் பின்னால் மறைந்திருந்து திடீரென்று வெளிப்படுவார், பேட்ஸ்மேனுக்கு அவர் எந்தப் பக்கம் முளைப்பார் என்றே தெரியாது. ‘முனை திரும்பும் ஸ்மித்’ என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரே அவருக்கு இருந்தது. ஆட்டத்தை விட்டு நாடகத்துக்குப் போய், அங்கிருந்து ஹாலிவுட் போய், 1932-ல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கி, ஆடுகளத்துக்கு இங்கிலாந்திலிருந்து புல் வரவழைத்தவர் அவர். ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃப் அங்கே கிரிக்கெட் ஆடினார். டேவிட் நிவன் ஆடினார். பூதத்துக்கு வெள்ளை ஃபிளானல் கிரிக்கெட் உடுப்பு போட்டுக் கற்பனை பண்ணிப் பாருங்கள், எனக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது. 1939-ல் வந்த ‘தி ஃபோர் ஃபெதர்ஸ்’ கிடைத்தால் பாருங்கள், ஸ்மித்துக்கு அப்போது எழுபத்தைந்து வயது. சாப்பாட்டு மேஜையில் பழங்களையும் கொட்டைகளையும் படைகளாக அடுக்கி வைத்து, பாலக்லாவா சண்டையை விளக்குவார். ஃபீல்டிங் நிறுத்திப் பழகிய கை அது என்று எனக்குத் தோன்றும்.

குத்துச்சண்டை நடிகரைக் கேட்டீர்கள். விக்டர் மெக்லாக்லென். 1909 மார்ச்சில் கனடாவின் வான்கூவரில் ஜாக் ஜான்சனோடு ஆறு சுற்று நின்றவர், ஜான்சன் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பின்னால் ‘தி இன்ஃபார்மர்’ (1935) படத்துக்காக சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். ஜான் வெய்னோடு அவர் ஊரைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொள்ளும் ‘தி கொயட் மேன்’ (1952) சண்டையில், அறுபது தாண்டிய அந்த மனிதர் அடி வாங்கும்போது முகவாயை உள்ளே இழுத்துக்கொள்வதைக் கவனியுங்கள்.

சரி, உங்களுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அப்புறம், இந்தக் கடிதங்களை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பேட்ஸ்மேனின் சராசரியில் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் தவறினால் கோபித்துக்கொண்டு அஞ்சலட்டை போடுகிறவர்கள் நீங்கள், நடிகர் விஷயம் என்றதும் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பி எழுதி அனுப்புகிறீர்கள். “நான் டார்ஸான், நீ ஜேன்” என்ற வசனத்தைக் கேட்டு மெய்சிலிர்த்ததாக எத்தனை கடிதம்! அந்த வசனம் 1932 படத்தில் கிடையாது. மார்பைத் தொட்டு “டார்ஸான்” என்பார், அவளைத் தொட்டு “ஜேன்” என்பார், மாற்றி மாற்றி, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய உதாரணம் கேரி கூப்பர். பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் வாழ்க்கையை வைத்து 1942-ல் வந்த ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’ படத்தில் அவர்தான் கெரிக். கெரிக் இடதுகை ஆட்டக்காரர், கூப்பர் வலதுகை. அதனால் சட்டையில் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித் தைத்து, அடித்ததும் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்குப் பதிலாக எதிர்ப்பக்கம் மூன்றாவது பேஸுக்கு ஓடவிட்டு, பிறகு ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பல பத்தாண்டுகளாக ஒரு கதை ஓடியது, பெரிய பெரிய பத்திரிகையெல்லாம் எழுதியது. 2013-ல் அமெரிக்க பேஸ்பால் அருங்காட்சியகத்தின் காப்பாளர் டாம் ஷீபர் படத்தைக் காட்சி காட்சியாக ஆராய்ந்தார். மூன்றாவது பேஸுக்கு ஓடிய கதை பொய். கூப்பர் மெனக்கெட்டு இடதுகையால் அடிக்கக் கற்றுக்கொண்டுதான் நடித்திருக்கிறார். சொல்லிக்கொடுத்தவர் லெஃப்டி ஓடூல், தன் காலத்தில் பெரிய பேட்டர். அந்தப் பொய்த் துணுக்கு எழுபது வருஷமாக ஒரு நடிகரின் உழைப்பை மறைத்துவிட்டது, இதுதான் எனக்கு ஆறவில்லை. அதைக் கண்டுபிடித்தது யார் பாருங்கள், சினிமா ஆராய்ச்சியாளர் இல்லை, பேஸ்பால்காரர்.

ஆகவே சேலம் வாசகரே, இந்தக் கடிதங்கள் இதே பக்கத்தில் தொடர்ந்து வரும், கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் இடம் குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எழுதுகிறவர்கள் படத்தின் பெயரையும் வருஷத்தையும், எந்தக் காட்சியில் எதைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள், தாராளமாகப் போடுவோம். ஸ்மித் ஸ்லிப்பில் கேட்சை விட்டுவிட்டு, வேலைக்காரரிடம் கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, மறுபடியும் விட்டுவிட்டு, படிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்துவிட்டாயே என்று கத்தினார் என்பது கதைதான், ஆனால் அருமையான கதை, அதைக் கதை என்ற தலைப்பிலேயே அடுத்த இதழில் போடுகிறோம். 19-க்கு 5 மட்டும் ஸ்கோர்கார்டில் இருக்கிறது.