பால் போதுமா?

சென்னையில் மகப்பேறு வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்தேன். தாய்ப்பாலா, பவுடர் பாலா என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பெரம்பூர்த் தாய்: குழந்தை பிறந்து இரண்டு நாள். ஓயாமல் அழுகிறாள். பால் ஊறவில்லை, பவுடர் கொடு என்கிறார் அத்தை.

ஊறிக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா. முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும். அழுகையை வைத்து அளக்காதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறாளா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மறுபடி எட்டுகிறாளா, இவைதான் கணக்கு. அடிக்கடி மார்பில் போடுங்கள், உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். குழந்தை துவண்டுபோய், எழுப்பியும் குடிக்காவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

வண்ணாரப்பேட்டைப் பாட்டி: பிறந்த குழந்தையின் நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணீர் தடவும் சேனை வைக்கலாமா? தெருவில் கழுதைப்பால் வருகிறதே?

இரண்டுமே வேண்டாம், அம்மா. கிருமிதான் உள்ளே போகும். ஆறு மாதம் வரை, கத்திரி வெயிலிலும் தண்ணீர்கூடத் தேவையில்லை.

ஆவடித் தாய்: மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. எவ்வளவோ முயன்றும் பால் போதவில்லை, பவுடர்தான் தருகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

தலை குனியாதீர்கள். தாய்ப்பாலுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவள் நான்; ஆனாலும் பசித்த குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்த தாயைக் குற்றவாளியாக நிறுத்துவதை என்னால் பொறுக்க முடியாது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. டப்பா விலைக்கு அஞ்சி, நான்கு கரண்டி போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டு நீர்க்கக் கலக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வயிறு நிறையும், குழந்தை இளைக்கும், வலிப்புகூட வரலாம். டப்பாவில் உள்ள அளவை மாற்றாதீர்கள். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால், கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் கலந்து, பிறகு ஆறவைத்துப் பாலாடையில், அதாவது பால் புகட்டும் சின்னக் கிண்ணத்தில், கொடுங்கள். மீந்ததைக் கொட்டிவிடுங்கள். உங்களுக்கு ஊறும் கொஞ்சத்தையும் நிறுத்தவேண்டாம்.

தரமணித் தாய்: 26 வார விடுப்பு முடிகிறது. இனி பவுடர்தானா?

இல்லை. பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். வெளியே நான்கு மணி நேரம் என்பார்கள், அது 25 டிகிரிக்குச் சொன்னது, நம் ஊர் வெக்கைக்கு அல்ல. அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடாக்குங்கள். கூழும் பருப்புச் சாதமும் தொடங்கும் வயது இது. மாலையிலும் இரவிலும் நேரடியாகக் கொடுத்தால் இரண்டு வயது வரைக்கும் போகும்.

எண்ணூர்த் தந்தை: என் மனைவிக்கு நான் என்ன செய்யட்டும்?

இரவில் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுங்கள். குடித்து முடித்ததும் ஏப்பம் விடவைப்பது உங்கள் வேலை.