பாக்கெட்டுல என்னத்தைச் சேர்க்காங்க, எதை விடலாம்? – கேள்வி பதில்

கேள்வி (வள்ளியூர்): அண்ணாச்சி, கடை ஊறுகாயில 211-ன்னு போட்டிருக்கு. அதை விட்டுட்டு வீட்லயே எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். பத்தே நாள்ல மேல வெள்ளையா பூத்துட்டு. ஏன்?

பதில்: 211-ங்கிறது சோடியம் பென்சோயேட். பூசணத்தையும் ஈஸ்ட்டையும் வளர விடாம நிறுத்துறதுதான் அதுக்கு வேலை. அதை எடுத்துட்டா அந்த வேலையை வேற ஒண்ணு பார்க்கணும்லா? நம்ம ஆச்சிமார் அதை உப்பை வச்சுப் பார்த்தாங்க. நீங்க பிரஷருக்குப் பயந்து உப்பையும் குறைச்சிருப்பீங்க.

அளவு இதுதான். ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 கிராம் கல்லுப்பு. 150-க்குக் கீழே போகக் கூடாது. பழத்தைக் கழுவி, துணியில துடைச்சு, நிழல்ல ஒரு மணி நேரம் காய விட்ட பிறகுதான் கத்தியை எடுக்கணும். நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில அடைச்சு, தினமும் ஒரு தடவை குலுக்கி விடுங்க. தோல் மெத்துன்னு ஆக ரெண்டு மூணு வாரம் பிடிக்கும். அதுக்கு முன்னால வத்தல்பொடி (மிளகாய்ப்பொடி) போடாதீங்க. கடைசியா நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற வச்சு, துண்டுகளுக்கு மேலே ஒரு விரல்கடை நிக்கிற மாதிரி ஊத்துங்க. எண்ணெய்க்கு மேலே தலை நீட்டுற துண்டுலதான் முதல்ல பூக்கும்.

ஈரக் கரண்டி ஆகவே ஆகாது. உப்பு ஆகாதவங்க ஊறுகாயைக் கொஞ்சமாத் தொட்டுக்கிடணும், ஊறுகாயில உப்பைக் குறைக்கக் கூடாது.

கேள்வி (சங்கரன்கோவில்): வத்தல்பொடியில சாயம் இருக்கான்னு தண்ணி டம்ளர்ல தூவிப் பார்க்கச் சொல்லுதாங்களே, நம்பலாமா?

பதில்: பாதிதான் நம்பலாம். வத்தலோட இயற்கை நிறம் எண்ணெயில கரையும், தண்ணியில லேசா இறங்காது. அதனால தண்ணியில சிவப்பு கோடு கோடா இறங்கினா சந்தேகப்படலாம். ஆனா ‘சூடான்’னு பேரு உள்ள செயற்கைச் சாயமும் எண்ணெயில கரையுற சாதிதான். அதைக் கலந்திருந்தா டம்ளர் தண்ணி தெளிவாவே நிக்கும், நீங்களும் நிம்மதியா குழம்பு வைப்பீங்க. காம்போட வத்தல் வாங்கி, காய வச்சு, மில்லுல நின்னு திரிச்சுட்டு வாங்க.

கேள்வி (தூத்துக்குடி): தூள் உப்பு கட்டி தட்டாம இருக்க சயனைடு சேர்க்காங்களாமே? உப்பளத்துல நேரா வாங்கிடலாமா?

பதில்: வேண்டாம். அது ஃபெரோசயனைடு, எண் 536. இரும்போட இறுக்கிக் கட்டுண்டது, அனுமதிச்ச அளவுல சயனைடா வேலை செய்யாது. அதுவும் வேண்டாம்னா அயோடின் கலந்த கல்லுப்பு கடையிலயே கிடைக்கு. உதிரியா ஓட வேண்டிய அவசியம் கல்லுப்புக்கு இல்ல, அட்டையைப் பார்த்து வாங்குங்க. அயோடினைக் கெமிக்கல் கணக்குல சேர்க்காதீங்க. அது இல்லாமத்தான் கழுத்துக் கழலை வந்தது. கடைக்கு வர்ற உப்புல 15 பிபிஎம்-ஆவது (கிலோவுக்கு 15 மில்லிகிராம்) அயோடின் இருக்கணும்னு சட்டமே இருக்கு. மூடி போட்டு வையுங்க, குழம்பு இறக்குற நேரத்துல போடுங்க.

கேள்வி (தென்காசி): பாக்கெட்டுல சேர்க்கிற பொருளுக்கு ஐஎன்எஸ்-னு ஒரு நம்பர் போடுதாங்களே, அது போட்டதெல்லாம் விஷமா?

பதில்: இல்ல. 300 வைட்டமின் சி, 330 சிட்ரிக் அமிலம், 100 மஞ்சள்ல இருக்கிற குர்குமின். 102, 110 ரெண்டும் செயற்கைச் சாயம். பிள்ளைங்க திங்கிற பண்டத்துல முதல்ல அதைப் பாருங்க. சாயம் கண்ணுக்காகப் போடுறது, கெடாம இருக்கப் போடுறது இல்ல. எடுத்துட்டா ஒண்ணும் குறையாது.

கேள்வி (அம்பாசமுத்திரம்): கலர் பவுடர் போடாம அல்வா சிவக்குமா?

பதில்: போடுற சீனியில ஒரு கைப்பிடியைத் தனியா இரும்புச் சட்டியில கருக்குங்க. தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வந்ததும் இறக்கி, தள்ளி நின்னு கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கோதுமைப் பால்ல சேருங்க. கறுக்க விட்டா கசக்கும்.

கேள்வி (திசையன்விளை): கருப்பட்டியில சீனி கலந்திருக்கான்னு வீட்ல கண்டுபிடிக்கது எப்படி?

பதில்: உறுதியா முடியாது. சீனியும் சுக்ரோஸ், பதநீரோட இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ். எந்த டம்ளர் தண்ணி இதைப் பிரிச்சுச் சொல்லும்? ஆய்வகத்துல கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடை வேறுபட்ட கார்பன் வகைங்க என்ன கணக்குல இருக்குன்னு பார்த்தாத் தெரியும். கரும்பும் பனையும் காத்துல இருந்து கார்பன் எடுக்கிற வழி வேற வேற.

உடன்குடி அன்பர்: அண்ணாச்சி, சீனி போடுதவன் எல்லாம் கள்ளன்னு ஆயிரக் கூடாது. பதநீர் லேசா புளிச்சுட்டா பாகு இறுகவே இறுகாது. அரைநாள் பாடு வீணாப் போகவா?

பதில்: நீங்க சொல்லுதது சரிதான். புளிப்பேறினா சுக்ரோஸ் உடைஞ்சு குளுக்கோஸ், ஃபிரக்டோஸா போயிரும், பாகு பிசுபிசுன்னு நிக்கும். சீனி போட்டா இறுகும். ஆனா அதுக்குத்தானே கலயத்துல சுண்ணாம்பு தடவுறது? சுண்ணாம்பு ஒழுங்கா இருந்து, இறக்கின சூட்டோட காய்ச்சினா சீனிக்கு வேலை என்ன இருக்கு?

பாளையங்கோட்டை அக்கா: இறுக்குறதுக்கு ஒரு பிடி போட்டா யாரு கேக்கா? பாதிச் சட்டி சீனியைப் போட்டுட்டு கருப்பட்டி விலை வாங்குதாங்களே, அதைச் சொல்லுங்க.

உடன்குடி அன்பர்: பனை ஏற ஆள் இல்லக்கா. நீங்க கேக்குற விலைக்குச் சுத்தச் சரக்கு எங்க இருந்து வரும்?

பதில்: ரெண்டு பேரும் ரெண்டு விஷயத்தைப் பேசுதீங்க. சீனி போட்டா அட்டையில எழுதணும், அதுல பேச்சே இல்ல. சுத்தம் வேணும்ங்கிறவங்க சீனிக் கருப்பட்டி விலையில கேட்கவும் கூடாது. பங்குனியில இருந்து ஆடிக்குள்ள, காய்ச்சுற பனை விளையிலேயே (தோப்புலயே) போய் வருசத்துக்கு வேண்டியதை வாங்கிப் போடுங்க. மழைக்காலத்துல கசியத்தான் செய்யும். கசிஞ்சா கலப்படம்னு தூக்கிப் போடாதீங்க. அடுப்புக்கு மேலப் பரண்ல ஓலைப் பெட்டியில வச்சதெல்லாம் அதுக்குத்தான்.

கேள்வி (ராதாபுரம்): பாத்திரம் கழுவ லிக்விட் இல்லாம என்ன செய்யலாம்? எங்க ஊர்ல உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்காது.

பதில்: பூந்திக்கொட்டை சோப்பு மாதிரி உப்புத் தண்ணியில திரியாது. கொட்டை எடுத்த தோல் 100 கிராம், தண்ணி ஒரு லிட்டர். ராத்திரி ஊற வச்சு, காலையில 20 நிமிசம் கொதிக்க விட்டு, ஆறினதும் பிசைஞ்சு வடிகட்டுங்க. இதுல பிரிசர்வேட்டிவ் கிடையாது, வெளியில வச்சா ரெண்டு மூணு நாள்ல நாறிரும். ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். கண்ணுல பட்டா எரியும். அடிப்பிடிச்ச சட்டிக்கு இது போதாது, சாம்பலும் தேங்காய் நாரும் எடுங்க.

கேள்வி (களக்காடு): வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து வச்சுக்கிட்டா எல்லாத்தையும் கழுவலாமாமே?

பதில்: பொங்கி முடிஞ்சா உப்புத் தண்ணிதான் மிஞ்சும், ஒண்ணை ஒண்ணு தின்னுரும். தனித்தனியா பயன்படுத்துங்க. பிளீச்சிங் பவுடரோட வினிகரையோ பாத்ரூம் ஆசிட்டையோ சேர்த்துராதீங்க, குளோரின் வாயு கிளம்பும். கதவை அடைச்சுக்கிட்டுக் கழுவுறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

கேள்வி (கடையநல்லூர்): ஐஎன்எஸ் 330 ஆபத்தா?

பதில்: தென்காசிக்காரங்களுக்குச் சொன்னதைப் பாருங்க.

கேள்வி (நாங்குநேரி): மஞ்சள்தூளை டம்ளர் தண்ணியில போட்டு…

பதில்: தம்பி, டம்ளரை வையுங்க. விரலி மஞ்சள் வாங்கித் திரிங்க.