ஊருணியில் தவளை குறைந்துவிட்டதா? பகலில் எண்ணாதீர்கள்

கானாடுகாத்தான் பக்கத்து ஊருணியில் 3 நாள் காலை 11 மணிக்கு எண்ணியும் 4 தவளைதான் கண்ணில் பட்டது, மற்றவை அழிந்துவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குள் மனம் விட்டுவிடாதீர்கள். வெயில் நேரத்தில் பெரும்பாலானவை கல் இடுக்கிலும் ஈர மண்ணிலும் பதுங்கிவிடும்.

இருட்டி அரை மணி நேரம் கழித்துப் போங்கள். படித்துறையில் டார்ச்சை அணைத்துவிட்டு, ஆள் அரவம் அடங்கியதும் 5 நிமிடம் காது கொடுங்கள். தலை எண்ண வேண்டாம், ஒவ்வொரு வகைக்கும் சத்தத்தை வைத்து மதிப்பு போடுங்கள்: சத்தமே இல்லை என்றால் 0, தனித்தனியாகக் கேட்டால் 1, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தும் பிரித்தறிய முடிந்தால் 2, ஒரே இரைச்சல் என்றால் 3. கத்துவது ஆண் தவளைகள்தான், ஆகவே இது மொத்தக் கணக்கு ஆகாது. ஆனால் அதே படித்துறை, அதே நேரம் என்று விடாமல் குறித்தால் அடுத்த வருடத்தோடு ஒப்பிடலாம். மழை பெய்த நாளையும் நீர்மட்டத்தையும் கூடவே எழுதுங்கள்.

முதல் பெருமழை இரவைத் தவற விடாதீர்கள். பெரிய தவளைகளில் ஆண்கள் மஞ்சளாக மாறி, நீலநிறக் குரல்பையை உப்பிக்கொண்டு கத்தும், அத்தனை அழகு! அப்புறம், பாம்பும் இரை தேடி வரும் நேரம் அது. பூட்ஸ் போட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள்.